தேய்க்கும் முன் படியுங்கள்

பழைய பிராசசரை அடையாளம் காண்பது, அழுக்கெடுப்பது, அழகாகக் காட்சிக்கு வைப்பது எப்படி?

காயலான் கடைக்குப் போகும் பழைய கம்ப்யூட்டரில் தனியாகக் கழற்றி எடுத்து வைக்கப்படும் பாகங்களில் பிராசசரும் ஒன்று. காரணம், தங்கம். 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் வந்த பீங்கான் பிராசசர்களின் பின்களில் தங்க முலாம் உண்டு; பலவற்றின் மூடியிலும் உண்டு. இவற்றைக் கிலோ கணக்கில் வாங்கி, அமிலத்தில் கரைத்து, அந்தத் துளித் தங்கத்தைப் பிரித்தெடுப்பதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது. தங்கம் அதிகமுள்ள சிப்புகள்தான் அதில் முதலில் காணாமல் போகின்றன. 1995 நவம்பரில் வந்த பெண்டியம் புரோ அப்படிப்பட்டது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், 1997ல் உலகின் அதிவேகக் கணினி என்று பெயரெடுத்த ஏஎஸ்சிஐ ரெட், ஆயிரக்கணக்கான பெண்டியம் புரோக்களை இணைத்துக் கட்டப்பட்டது. இன்று அந்த வகைச் சிப்பை எடை போட்டு விற்கிறார்கள்.

அமிலத்துக்குத் தப்பிய சிப்புக்கு அடுத்த ஆபத்து, அதைக் காப்பாற்றியவர் கையிலேயே இருக்கிறது. ஆசையாக எடுத்து வந்து, துணியும் பாலிஷும் போட்டுத் தேய்த்தால், பளபளப்பு வரும். மேலே அச்சிட்டிருந்த எழுத்து போய்விடும். எழுத்து போன பிராசசர் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று பிறகு சொல்வது கடினம். பழைய நாணயம் சேகரிப்பவர்கள் நாணயத்தைத் தேய்க்க விடமாட்டார்கள். தேய்த்த நாணயத்துக்கு மதிப்பு குறையும். பிராசசருக்கும் அதே கணக்குதான். அதனால் முதல் வேலை படிப்பது. துடைப்பதெல்லாம் பிறகு.

எழுத்துகள் சொல்லும் கதை

90களில் நம் ஊர் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் ஓடிய 486 பிராசசர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் சதுரப் பீங்கான். திருப்பினால், ஓரத்தைச் சுற்றி மூன்று வரிசையாக 168 பின்கள், நடுவே மூடி. அந்த மூடிக்குள்தான் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிலிக்கான் துண்டு இருக்கிறது. மேல்புறத்தில் ‘ஏ80486டிஎக்ஸ்2-66’ என்று ஒரு வரி. முன்னால் நிற்கும் ‘ஏ’, இது பின்கள் அடுக்கிய பீங்கான் உறை என்பதைக் குறிக்கிறது. இன்டெல் சிப்புகளில் ‘பி’ என்றால் பிளாஸ்டிக் உறை. ‘சி’, ‘டி’ என்றால் இரண்டு பக்கமும் கால்கள் நீண்ட பீங்கான் உறை வகைகள். ‘டிஎக்ஸ்’ என்றால் தசமக் கணக்குப் போடும் பகுதி உள்ளேயே இருக்கிறது. ‘2’ என்றால் மதர்போர்டின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் உள்ளே ஓடும். வெளியே 33 மெகாஹெர்ட்ஸ், உள்ளே 66. இது 1992ல் வந்த மாதிரி.

அடுத்து ‘எஸ்எக்ஸ்645’ என்பது போல ஒரு சின்ன எண். ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் இந்த எண்ணைச் சேகரிப்பவர்கள் ‘எஸ்-ஸ்பெக்’ என்பார்கள். ஒரே பெயரில் வந்த சிப்புகளில் எந்தத் திருத்தம், எந்த மின்னழுத்தம் என்று பிரித்துச் சொல்வது இதுதான். சிப்பைப் பற்றித் தேட வேண்டுமானால் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைத் தேடுங்கள். துல்லியமான விடை கிடைக்கும்.

மூன்றாவது, தயாரிப்புத் தொகுதி எண். ‘எல்319’ என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எல்’ என்றால் மலேசிய ஆலை. ‘3’ ஆண்டின் கடைசி இலக்கம், ‘19’ வாரம். ஆக, 1993ஆம் ஆண்டின் 19ஆம் வாரம், அதாவது மே மாதம். இதில் பத்தாண்டு எழுதப்பட்டிருக்காது. அந்த மாதிரி எந்தக் காலத்தில் விற்பனையில் இருந்தது என்று தெரிந்தால்தான் 1983ஆ, 1993ஆ என்று முடிவு செய்ய முடியும். வேறு பல நிறுவனங்கள் நான்கு இலக்கமாக எழுதின. ‘8348’ என்றால் 1983ன் 48ஆம் வாரம்.

பலர் வழுக்கி விழும் இடம் காப்புரிமை ஆண்டு. 8086, 8088 சிப்புகளில் ‘இன்டெல் 78’ என்று இருப்பதைப் பார்த்து, 1978ல் செய்தது என்று விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். அது வடிவமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே சிப் பத்தாண்டு கழித்துத் தயாராகியிருந்தாலும் அந்த ஆண்டுதான் மேலே இருக்கும். வேகத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. சைரிக்ஸ் 6எக்ஸ்86 சிப்பில் ‘பிஆர்166+’ என்று போட்டிருக்கும். அது இன்டெலின் சிப்போடு ஒப்பிட்டு வைத்துக்கொண்ட மதிப்பு. உண்மையில் ஓடுவது 133 மெகாஹெர்ட்ஸில்.

நம் பொறியியல் கல்லூரி லேபில் ஹெக்ஸ் எண்களைத் தட்டித் தட்டி இரண்டு எண்களைக் கூட்டிய தலைமுறைக்கு 8085 மறக்காது. 1976ல் வந்த, சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள் மட்டுமே கொண்ட அந்தச் சிப்பை ஏஎம்டி, என்இசி, சீமென்ஸ் எனப் பல நிறுவனங்களும் தயாரித்தன. உங்களிடம் உள்ளது யார் தயாரித்தது என்று பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒன்றாக இருந்த 8085, மேசை மேல் பல முகங்களோடு வரும்.

பிழைக்கும் மதிப்பு உண்டு

சில சிப்புகளின் அருமை அவற்றின் குறையில் இருக்கிறது. 1985ல் அறிமுகமான 386ல், 32 பிட் பெருக்கல் சில நேரம் தப்பாக வருவது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. இன்டெல் ஒவ்வொரு சிப்பையும் சோதித்து, சரியானவற்றில் இரண்டு சிக்மா குறிகளைப் பதித்தது. தேறாதவற்றில், 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று எழுதி விற்றது. இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சேகரிப்பாளர்களின் கனவு.

1993ல் வந்த முதல் பெண்டியத்தின் கதை உலகமே அறிந்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சிப் 1.33373 என்றது. பகா எண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994ல் இதைக் கண்டுபிடித்தார். சிப்புகளை மாற்றித் தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். மேலே தங்க முலாம் பூசிய தகடு வைத்த 60, 66 மெகாஹெர்ட்ஸ் பெண்டியத்தில் எஸ்எக்ஸ்835, எஸ்எக்ஸ்837 போன்ற எண்கள் இருந்தால், அது அந்தப் பிழை கொண்ட சிப். அந்தச் சின்ன எண் அழிந்துவிட்டால் இந்த வரலாற்றுக்குச் சாட்சியில்லை.

அழுக்கெடுக்கும் வரிசை

தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பிறகு எழுத்து மையா, லேசரில் பொறித்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பொறித்தது எளிதில் அழியாது. மை அழியும்.

மேலே ஹீட் சிங்க் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். பீங்கான் சில்லு சில்லாகப் பெயரும். வெறும் தெர்மல் பேஸ்ட் என்றால் ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, மெதுவாகத் திருகினால் விட்டுவிடும். பசை போட்டு ஒட்டியது என்றால் குளிரால் பசை நொறுங்கும் தன்மைக்கு வரும். காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வைத்து, எடுத்துத் திருகிப் பார்க்கலாம். வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். ஹீட் சிங்க்கோடு இருப்பதும் அந்தச் சிப்பின் வரலாறுதான்.

துடைப்பதில் முதலில் உலர் வேலை. மென்மையான பிரஷால் தூசியைத் தட்டுங்கள். அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். பஞ்சுக் குச்சியில் தொட்டு, எழுத்தில்லாத மூலையில் ஒரு முறை, பிறகு ஏதாவது ஓர் எழுத்தின் விளிம்பில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். பஞ்சில் வெள்ளை ஏறினால் அந்தப் பக்கம் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அசிட்டோனை எழுத்துள்ள பக்கம் கொண்டு போகவே கூடாது. காய்ந்த பேஸ்ட்டின் மேல் ஆல்கஹால் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்தால் ஊறிவிடும். பிறகு அழுத்தாமல் வழித்தெடுக்கலாம். ஊறுவதற்கு நேரம் கொடுத்தால் தேய்க்கத் தேவை வராது.

குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி, எதற்கும் இருக்கவே இருக்கிறது பற்பசை என்று பழகிய கை நம்முடையது. இங்கே அவை மூன்றும் கூடாது. முலாமின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். உராய்ந்தால் தங்கம் போய் அடியிலுள்ள நிக்கல் சாம்பலாகத் தெரியும். அதுவும் போனால் அதற்கும் அடியிலுள்ள இரும்புக் கலவை துருப்பிடிக்கும். தங்கம் கறுப்பதில்லை. மூடி மேல் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் படிந்த அழுக்குதான், ஆல்கஹாலுக்கே வந்துவிடும். பீங்கானை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. சில பழைய மின்னணுப் பாகங்களின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

வளைந்த பின்னை நிமிர்த்த, ஈயக்குச்சி எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சில் போதும். அதன் முனைக்குள் பின்னை நுழைத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் வரிசைகளின் இடையில் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை ஓட்டலாம். 70களின் சிப்புகள் பலவற்றில் கால்களுக்கு வெள்ளி முலாம், கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்பை விட்டுவிடுவதே நல்லது. பழைய கால் வளைத்தால் முறியும்.

சட்டத்துக்குள் வைக்கும்போது

பழைய கறுப்பு நுரைப் பஞ்சில் குத்தியே வந்திருந்தால் உடனே பிடுங்குங்கள். அந்த நுரை நாளடைவில் நைந்து பின்களை அரிக்கும். புதிய ஆன்டி-ஸ்டாட்டிக் நுரையில் குத்தி, ஆழமுள்ள கண்ணாடிச் சட்டத்தில் வைக்கலாம். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், பிறகு சிப்பைக் கழற்றவும் முடியாது. நேர் வெயில் படாத சுவர், கடலோர ஊர் என்றால் சட்டத்துக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஓடும் நிலையில் உள்ள சிப் என்றால் கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் பூமிக்கு விட்டபின் தொடுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது, ஒரு சீட்டு எழுதுவது. மாதிரி, எஸ்-ஸ்பெக் எண், தயாரிப்பு வாரம், ஆலை ஆகியவற்றைச் சிப்பே சொல்லும். எந்த அலுவலகத்தின் கணக்கை அது போட்டது, எந்த அச்சகத்தில் பத்திரிகை கோத்தது, யார் வீட்டில் முதல் கம்ப்யூட்டராக வந்தது என்பதைச் சிப் சொல்லாது. அதைப் பயன்படுத்தியவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டு, பெயரும் ஆண்டும் சேர்த்து, சட்டத்தின் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நீங்கள் காப்பாற்றியது ஒரு பாகத்தை மட்டும்தான்.