தென்னைக்கு ஏற்ற மண்ணில் வேலிக்கல்

ஹெந்தளையிலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே போகிறவருக்கு மழை எங்கே குறைகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் வளவுக்கு வளவு தென்னையோடு ஈரப்பலாவும் பலாவும் நிற்கும். சிலாபம் தாண்டினால் ஈரப்பலா அருகிவிடும். புத்தளத்துக்கு அப்பால் மன்னார் வரை பனையும் வேம்பும் வைத்ததுதான் சட்டம். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. புத்தளத்தில் அதில் பாதிதான். ஒடியலும் பனங்கட்டியும் வெள்ளவத்தைக் கடைகளுக்கு வடக்கிலிருந்து வந்து இறங்குவதும் இதனால்தான்.

பனை வறட்சியோடு மல்லுக்கட்டும். தென்னைக்கு அந்தத் திராணி இல்லை. மழை 1,500 மில்லிமீற்றராவது வேண்டும், அதுவும் மாதங்களுக்குப் பிரிந்து பெய்ய வேண்டும். மரம் மாதம் ஒரு பாளை தள்ளும். பாளை வெடித்துத் தேங்காய் முற்ற 11, 12 மாதமாகும். ஆகவே பங்குனி வெயிலின் சேதம் பங்குனியில் சந்தைக்கு வராது. அப்போது தெரிவதெல்லாம் காம்பு கறுத்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், விரல் நுனியளவுக் குரும்பட்டிகள்தான். விலை அடுத்த வருடம் பேசும். 2025 ஆரம்பத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது குரங்குகள்மேல் பழி போட்டவர்களும் உண்டு. பாவம் குரங்குகள்!

நிலத்தடி நீர் இருந்தால் மழை எல்லை பெரிதல்ல, வறண்ட வடக்கில், பளையில் தென்னை காய்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். காய்க்கிறதுதான்.

என் கவலை வேறு. குருணாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்ததே தென்னை முக்கோணம். வெயில் ஏற ஏற அதன் வறண்ட வடக்கு ஓரம்தான் முதலில் அடிவாங்கும். அப்போது மரம் ஒதுங்க வேண்டிய ஈரப்பக்கம் எது? கம்பஹா, அதாவது நம்முடைய ஹெந்தளையும் வத்தளையும். இங்கே தோட்டங்கள் பேர்ச் பேர்ச்சாக வெட்டி விற்கப்படுகின்றன. காலநிலை தென்னைக்கு இன்னும் விட்டுவைத்திருக்கும் இடத்தில் நாம் வேலிக்கல் நடுகிறோம். ஏக்கருக்கு 64 கன்று நடுவது வழக்கம்; அந்தக் கணக்கில் 10 பேர்ச் துண்டுக்கு நான்கு மரம். வீடு கட்டிய பிறகு ஒன்றுக்காவது இடமிருக்கும்.

காணி வாங்கியிருப்பவர்களே, பின்வளவை முழுக்கச் சீமெந்து போட்டு மூடிவிடாதீர்கள். ஒரு கன்றை நடுங்கள். ஆறேழு வருடத்தில் சம்பலுக்குத் தேங்காய் தரும்.