திரையில் தோன்றி ஏட்டில் தோன்றாதோர்: ஈழத்துத் தமிழ்ப்படக் கலைஞர் பற்றிய சில குறிப்புகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், கல்முனை வீதியோரமாக அமைந்த ஊர் களுவாஞ்சிக்குடி. அதனைச் சூழ்ந்த கிராமங்களிலே கூத்தாடியவரை அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயராலேயே சுட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சட்டம் கொடுத்தல், சதங்கையணி விழா, அரங்கேற்றம், பின் வீட்டுக்கு வீடு ஆடுதல் என மாதக்கணக்கில் நீளும் ஒரு கூட்டுமுயற்சியில், அண்ணாவியாரும் ஆடுநரும் ஊரின் நினைவில் நிலைத்துவிடுகின்றனர். அவர்கள் உழவர், மீனவர், கலையால் வயிறு வளர்த்தவரல்லர். ஆயினும் அவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கூத்துகளை மேடையேற்றியபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் புலமையே அம்முயற்சிக்கு அடிப்படையாயிற்று. இன்று அது ஆய்வுலகம் அறிந்த செய்தி.

இதே மண்ணில் திரைப்படக் கலைஞர் எவரெனக் கேட்டால், விடை பாலு மகேந்திரா என்பதோடு நின்றுவிடும். 1939இல் அமிர்தகழியிற் பிறந்த அவர், பூனா திரைப்படக் கல்லூரியிற் பயின்று, ‘நெல்லு’ (1974) என்னும் மலையாளப் படத்தின் ஒளிப்பதிவாளராகி, ‘கோகிலா’ (1977) என்னும் கன்னடப் படத்தால் நெறியாளரானார். அவரது புகழ் முழுவதும் கடல் கடந்தபின் ஈட்டியது. கடல் கடவாது இங்கேயே படம் எடுத்தவர்களும் நடித்தவர்களும் என்ன ஆயினர் என்பதே ஈண்டு நாம் நோக்க விழைவது.

முதலில் ஒரு முரண். இந்நாட்டுச் சினிமாவின் தோற்றத்திலேயே தமிழர் உளர். ஆனால் அது சிங்களச் சினிமாவாக இருந்தது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’வின் தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம். 1953இன் ‘சுஜாதா’வைத் தயாரித்தவர் கே. குணரத்தினம், நெறிப்படுத்தியவர் ரீ. சோமசேகரன். ‘குருளு பெத்த’ (1961) எல். எஸ். இராமச்சந்திரனின் படம். நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். சிங்களச் சினிமா தனக்கெனத் தேசியத் தன்மையொன்றைத் தேடத் தொடங்கியபின், இவர்கள் ‘தென்னிந்தியப் பாணி’யின் பிரதிநிதிகள் எனத் தள்ளப்பட்டனர். அவ்விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தள்ளியவர்கள் பாணியைத் தள்ளியதோடு மனிதரையும் மறந்தனர். தமிழ் வரலாற்றாசிரியரோ, அவை சிங்களப் படங்கள் என்று கருதி அவர்களைத் தேடவேயில்லை.

தமிழ்ப் படங்கள் 1960களில் அரும்பின. 35 மி.மீ. படச்சுருளில் அமைந்த முதல் ஈழத்துத் தமிழ்ப்படமான ‘தோட்டக்காரி’ பி. எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சி. தமிழகத்துப் படங்கள் நிரம்பிய சந்தையில், குறைந்த மூலதனத்தோடு இத்தகைய படம் போட்டியிட நேர்ந்தது. எனவே தொழின்முறை நடிகர் என்றொரு வர்க்கம் இங்கு உருவாகவில்லை. ‘குத்துவிளக்கு’ (1972) தயாரித்த வீ. எஸ். துரைராஜா கட்டடக் கலைஞர். யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை வடிவமைத்தவர். ‘புதிய காற்று’ (1975), ‘நான் உங்கள் தோழன்’ (1978) ஆகியவற்றைத் தயாரித்துத் தாமே கதாநாயகராகவும் நடித்த வி. பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவர். மலையகத் தொழிலாளியைத் திரைக்குக் கொணர்ந்ததற்காக அவரை நாம் மதிக்க வேண்டும்; தமிழகத்து நாயக வழிபாட்டின் சாயலை அவர் முற்றாகக் களையவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும்.

‘கோமாளிகள்’ (1976) தனித்துக் குறிப்பிடத்தக்கது. வானொலித் தொடரொன்றிலிருந்து பிறந்த இப்படத்தில் எஸ். ராம்தாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் தோன்றினர். முஸ்லிம் மக்களின் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், பிராமணர் பேச்சு ஆகிய நான்கும் ஒரே வீட்டிற்குள் மோதுவதே அதன் நகைச்சுவை. குரலால் மட்டும் அறியப்பட்டோர்க்கு முகம் கிடைத்தது. ஆனால் ‘மறுகா’ என்று பேசும் மட்டக்களப்பான் ஒருவன் அந்நால்வருள் இல்லை! களுவாஞ்சிக்குடிச் சுவைஞன் சிரித்திருப்பான். தன் குரலைக் கேட்டிருக்க மாட்டான்.

‘பொன்மணி’ (1977) வேறு வகையினது. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய இப்படத்திற்குக் காவலூர் இராசதுரை திரைவசனம் எழுதினார். சாதியையும் சீதனத்தையும் உரத்த வசனமின்றிக் காட்டிய அப்படத்தில், சித்திரலேகா மௌனகுரு முதலிய கல்வியுலகத்தவர் நடித்தனர். படம் வணிகரீதியில் தோற்றது. நடித்தோர் தத்தம் பணிக்கு மீண்டனர். அதில் தோன்றிய கமலா தம்பிராஜா, 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக வீடுதோறும் அறிமுகமானார். ஆனால் அவரை அன்று கண்டோரிற் பலர், அவர் நடிகை என்பதை அறிந்திலர்.

1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் காலத்தில், 1978 என்னும் ஓராண்டில் மட்டும் ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’ உட்படப் பல தமிழ்ப் படங்கள் வந்தன. அவ்வளர்ச்சி நீடிக்கவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. மூலப் படச்சுருள்களும் அழிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினமும் 1989இற் சுட்டுக்கொல்லப்பட்டார். கூத்துக்கு ஏட்டுப்பிரதி எரிந்தாலும் அண்ணாவியாரின் நாவில் மீதியிருக்கும். திரைப்படத்திற்கு அத்தகைய அண்ணாவியார் இலர். சுருள் போனால் நடித்தவனின் முகமும் போயிற்று.

ஆகவே எஞ்சியிருக்கும் சான்றுகள் பத்திரிகை விமர்சனங்கள், பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், வானொலி ஒலிநாடாக்கள், உயிருடன் உள்ளோரின் நினைவுகள் ஆகியனவே. தம்பிஐயா தேவதாஸின் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ இத்திசையில் தனியொருவர் செய்த பெரும்பணி. அது நெறியாளரையும் நடிகரையும் பேணியுள்ளது. இனி ஒப்பனையாளர், ஒலிப்பதிவாளர், பின்னணிக் குரல் தந்தோர், கொட்டகையில் இயந்திரம் இயக்கியோர் ஆகியோரிடம் செல்ல வேண்டும். அவர்களுள் மிக இளையவரும் இப்போது எழுபதைக் கடந்தவராயிருப்பர்.