அரைத்தானியங்கி ரைபிள் (ஐக்கிய அமெரிக்கா)

அரைத்தானியங்கி ரைபிள் என்பது, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் நீள்குழல் துப்பாக்கி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வேட்டை, குறிபார்த்துச் சுடும் விளையாட்டு, தற்காப்பு ஆகியவற்றிற்காகக் குடிமக்கள் இதனைச் சட்டப்படி வாங்குகின்றனர். புயல், நிலநடுக்கம், கலவரம் போன்ற நெருக்கடிகளின்போது காவல்துறையின் உதவி கிடைக்காமல் போகலாம் எனக் கருதி, பேரிடர் ஆயத்தத்தின் ஒரு பகுதியாக இதனை வாங்குவோரும் உள்ளனர்.

செயற்பாடு

தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வளிமத்தின் ஒரு பகுதி அல்லது பின்னுதைப்பு, வெற்று உறையை வெளியே தள்ளி, மேகசின் எனப்படும் தோட்டாப்பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. முழுத்தானியங்கித் துப்பாக்கி விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும். இவ்வகை அவ்வாறு சுடாது. 1936இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு ஆகும். குடிமக்களிடையே பரவலாக உள்ள ஏ.ஆர்-15இன் பெயரில் வரும் "ஏ.ஆர்" என்பது, அதனை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

சட்ட நிலை

கூட்டரசுச் சட்டங்களுள் பின்வருவன முக்கியமானவை:

* 1934: 16 அங்குலத்திற்குக் குறைவான குழலுடைய ரைபிள்கள் பதிவு செய்யப்பட வேண்டும்.
* 1968: உரிமம் பெற்ற விற்பனையாளர் 18 வயது நிரம்பாதவருக்கு ரைபிள் விற்கக்கூடாது. சில மாநிலங்களில் இவ்வயது 21 ஆகும்.
* 1986: புதிதாகத் தயாரிக்கப்படும் முழுத்தானியங்கித் துப்பாக்கிகளைக் குடிமக்கள் வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டது.
* 1993: வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வழிசெய்யும் பிரேடி சட்டம் இயற்றப்பட்டது.

சில அரைத்தானியங்கி ரைபிள்களை "தாக்குதல் ஆயுதங்கள்" என வகைப்படுத்தித் தடை செய்த கூட்டரசுச் சட்டம் 1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்தது. கலிபோர்னியா (1989), நியூயார்க், நியூ ஜெர்சி, இலினொய் (2023) முதலிய மாநிலங்கள் தத்தம் தடைச் சட்டங்களை இயற்றின. எனவே ஒரு மாநிலத்தில் கடையில் வாங்கக்கூடிய ரைபிள், அடுத்த மாநிலத்தில் குற்றப் பொருளாகலாம்.

பேரிடரில் இடம்பெயர்வோருக்கு இது முக்கியமானது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டா நீக்கப்பட்டு எளிதில் கைக்கு எட்டாதவாறு வைக்கப்பட்ட துப்பாக்கியுடன் மாநிலங்களைக் கடந்து செல்ல இடமளிக்கிறது. எனினும் புறப்படும் இடம், சேரும் இடம் ஆகிய இரண்டிலும் அதனை வைத்திருப்பது சட்டபூர்வமானதாக இருக்க வேண்டும்.

கத்ரீனா சூறாவளி

2005 ஆகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளியால் நியூ ஓர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் காவல்துறையினர் குடிமக்களின் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். துப்பாக்கி உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுக்க, நீதிமன்றம் இந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. 2006இல், பேரிடர்க் காலத்தில் சட்டபூர்வமான துப்பாக்கிகளைக் கைப்பற்றுவதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது.

தெரிவு

ரைபிளைத் தெரிவு செய்யும்போது பின்வருவன கருதப்படுகின்றன.

* தோட்டா வகை: .22 நீள் ரைபிள் தோட்டா மலிவானது, பின்னுதைப்புக் குறைந்தது. பயிற்சிக்கும் சிறு விலங்கு வேட்டைக்கும் ஏற்றது. .223 ரெமிங்டன் எளிதில் கிடைக்கும். .308 வின்செஸ்டர் பெரிய விலங்குகளை வேட்டையாட ஏற்றது. ஆனால் எடையும் பின்னுதைப்பும் மிகுதி.
* அறைக் குறியீடு: .223, 5.56 மி.மீ. தோட்டாக்கள் தோற்றத்தில் ஒத்தவை. எனினும் .223 எனக் குறிக்கப்பட்ட அறையில் 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் அபாய அளவை எட்டலாம்.
* ஊடுருவல்: ரைபிள் தோட்டா வீட்டின் மெல்லிய சுவர்களைத் துளைத்து அடுத்த அறையிலோ அடுத்த வீட்டிலோ உள்ளவரைத் தாக்கக்கூடும்.
* பராமரிப்பு: உதிரிப்பாகங்கள் கிடைப்பதும், உரிமையாளர் அதனைப் பிரித்துத் துடைக்க அறிந்திருப்பதும் தேவை.
* மேகசின் கொள்ளளவு: பல மாநிலங்களில் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

பாதுகாப்பும் விமர்சனங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் ஆகும். 2020இல், 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக்குத் துப்பாக்கிக் காயங்களே முதன்மைக் காரணமாயின. அரிதாக வரும் பேரிடருக்கென வாங்கப்படும் ஆயுதம், ஆண்டு முழுவதும் வீட்டிலேயே இருக்கிறது என்பது விமர்சகர்களின் வாதம். துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டி வைத்தலும், தோட்டாக்களைத் தனியே பூட்டி வைத்தலும் இவ்வாபத்தைக் குறைக்கும். ஆயினும், அவசர வேளையில் உடனே எடுக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் இது முரண்படுகிறது.

பேரிடர் ஆயத்தத்துக்கான அமெரிக்க அரசின் அடிப்படைப் பொருட்பட்டியலில் குடிநீர் (ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன்), கெடாத உணவு, வானொலி, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியன இடம்பெறுகின்றன, துப்பாக்கி இடம்பெறவில்லை.

பிற நாடுகள்

பெருந்திரள் கொலைகளைத் தொடர்ந்து ஆஸ்திரேலியா (1996), நியூசிலாந்து (2019), கனடா (2020) ஆகிய நாடுகள் அரைத்தானியங்கி ரைபிள்கள் பலவற்றைத் தடை செய்தன.