எதிர்மின்சுமையும் களைக்கொல்லியும்

களைக்கொல்லி கலந்த நீரைக் களிமண்ணால் தூய்மை செய்ய இயலுமா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தக் களைக்கொல்லி, எந்தக் களிமண் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

பென்டோனைட் எனச் சந்தையில் விற்கப்படும் களிமண்ணின் பெரும்பகுதி மாண்ட்மோரிலோனைட் என்னும் கனிமமாகும். இரண்டு சிலிக்கா தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினியத் தகடு அமைந்த, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளால் ஆன இக்கனிமத்தில், மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினிய அயனியின் இடத்தை ஆங்காங்கே இரண்டு மட்டுமே கொண்ட மக்னீசிய அயனி பிடித்திருப்பதால், அடுக்கு முழுவதும் நிலையான எதிர்மின்சுமை பெறுகிறது. அதை ஈடுசெய்யச் சோடியம், கால்சியம் அயனிகள் அடுக்குகளின் இடையே நீருடன் தங்குகின்றன. அவை இறுகப் பிணைந்தவை அல்ல என்பதால், வலுவாக ஒட்டக்கூடிய வேறு நேர்மின் அயனி வரும்போது இடம்விட்டு நீங்குகின்றன. இவ்வாறு இடம் மாறக்கூடிய மின்சுமையின் அளவு 100 கிராம் மாண்ட்மோரிலோனைட்டில் 80 முதல் 120 மில்லிசமானம் வரை இருக்க, பீங்கான் செய்ய உதவும் கயோலினைட்டில் 15-ஐத் தாண்டுவது அரிது.

இரட்டை நேர்மின்சுமையும் தட்டையான மூலக்கூறும் கொண்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மாண்ட்மோரிலோனைட் அடுக்குகளின் இடைவெளி அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. தெளிப்பானில் கலங்கல் நீரை ஊற்றினால் பாராகுவாட் வீரியம் இழப்பதும், அந்நஞ்சை விழுங்கியவருக்கு முதல் சில மணி நேரத்துக்குள் பென்டோனைட்டையோ ஃபுல்லர் மண்ணையோ கரைத்துக் கொடுக்கும் வழக்கமும் இதே காரணத்தால்தான். ஆயினும் குருதியில் கலந்துவிட்ட நஞ்சை மண்ணால் மீட்க முடியாது.

2,4-டி என்னும் களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு நேர் எதிரானது. இயல்பான நீரில் அது எதிர்மின் அயனியாகவே இருப்பதால் களிமண் அதை விலக்கித் தள்ளுகிறது. மின்சுமையற்ற அட்ரசின் என்னும் களைக்கொல்லியின் நிலை வேறு: நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த கனிமப் பரப்பில் அதற்குப் பிடிப்பு குறைவு. 1991-லேயே ஜெர்மனி அதைத் தடைசெய்தும், அந்நாட்டு நிலத்தடி நீரில் அது பல ஆண்டுகள் தொடர்ந்து காணப்பட்டது. ஒரு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற ஐரோப்பியக் குடிநீர் வரம்பை எட்ட, வெறும் களிமண்ணை நம்புவது வீண்.

ஆகவே ஆய்வாளர்கள் களிமண்ணின் பரப்பையே மாற்ற முற்பட்டனர். நீண்ட கார்பன் வாலும் நேர்மின் தலையும் கொண்ட நான்கிணைய அம்மோனியச் சேர்மங்களை அதில் ஏற்றினால், நீரை விரும்பிய பரப்பு நீரை வெறுக்கும் பரப்பாகி, மின்சுமையற்ற களைக்கொல்லிகளுக்கு இடமளிக்கிறது. இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஷ்லோமோ நிர் என்பவரும் உடன் உழைத்தவர்களும் இன்னும் ஒரு படி மேலே சென்று, அச்சேர்மத்தின் மூலக்கூறுகள் கூடி உருவாக்கும் மிசெல் எனப்படும் நுண்திரள்களைக் களிமண்ணுடன் சேர்த்தனர். களிமண் தன் கொள்திறனுக்கு மேலாக அவற்றை ஏற்பதால் அதன் மொத்த மின்சுமை நேர்மின்னாக மாறி, எதிர்மின் களைக்கொல்லிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. களிமண்ணை மட்டும் நிரப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், அதனுடன் பெருமளவு மணலைக் கலந்தே வடிகட்டி அமைக்கப்படுகிறது.

இம்முறைக்கும் விலை உண்டு. சரியாக ஒட்டாத அம்மோனியச் சேர்மம் கழன்று வெளியேறினால், நீர்வாழ் உயிர்களுக்கு அதுவே நஞ்சாகும் என்பதால், வடிகட்டியிலிருந்து வரும் நீரில் களைக்கொல்லியை மட்டுமின்றி அச்சேர்மத்தையும் அளந்தாக வேண்டும். கொள்திறன் தீர்ந்த களிமண்ணையோ வயலில் கொட்ட முடியாது.