சந்தா செங்கொடிக்கு, ஓட்டு எந்தச் சின்னத்துக்கு?

திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்ற தொழிலாளிக்கும் டெல்லி ராஷ்டிரபதி பவனுக்கும் என்ன சம்பந்தம்? 1969ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 144 ஓட்டு சம்பந்தம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு ஓட்டில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுகிறார்கள். மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. 1961 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3 கோடியே 36 லட்சத்துச் சொச்சம் பேர், இடங்கள் 234. வகுத்தால் ஆளுக்கு 144. அந்த 144ஐ திண்டுக்கல் சார்பில் கையில் வைத்திருந்தவர், 1967 தேர்தலில் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.பாலசுப்பிரமணியம். தோல் பதனிடும் தொழிலாளர்களிடையே சங்கம் வளர்த்துப் பேர் வாங்கியவர். பின்னாளில் கட்சியின் மாநிலச் செயலாளர்.

அந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தலித்துகள். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி கழித்து, வளைந்த கத்தியால் சதை வழித்து, பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றால் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். வேலை முடிந்து எத்தனை முறை குளித்தாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவார். இப்படிப்பட்டவர்களிடம் கூலி உயர்வு, போனஸ் என்று பேசிக்கொண்டு வந்த சங்கம், அதோடு சேர்த்து மரியாதையையும் கொண்டுவந்தது. திண்டுக்கல்லிலேயே வழக்கறிஞராக வாழ்ந்த டி.செல்வராஜ் இந்த வாழ்க்கையைத்தான் ‘தோல்’ நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சங்கத்தின் மேல் அந்தத் தொழிலாளிக்கு இருந்த பிடிப்பு வெறும் சந்தா ரசீதுப் பிடிப்பு அல்ல என்பதை அந்த நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

சரி, 144க்கு வருவோம். 1969 ஆகஸ்டில் வி.வி.கிரியும் சஞ்சீவ ரெட்டியும் மோதினார்கள். கிரி தொழிற்சங்கக்காரர். 1928இல் பெங்கால் நாக்பூர் ரயில்வே வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர், ஏ.ஐ.டி.யு.சி. தலைவராக இருந்தவர், 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். காமராஜர் உள்ளிட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்களின் சிண்டிகேட் ரெட்டியை நிறுத்தியது. தி.மு.க.வும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் கிரி பக்கம். முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515; பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்த பிறகு 4,20,077. ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650.

இதை நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 102 தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு. 1967இல் தி.மு.க. மட்டும் ஜெயித்தது 137 இடம், மார்க்சிஸ்டுகள் 11. ரகசிய ஓட்டு என்பதால் யார் எப்படிப் போட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கட்சி சொன்னபடிதான் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாடு கையை விரித்திருந்தால் கிரி ராஷ்டிரபதி பவனுக்குள் நுழைந்திருக்க மாட்டார். ஒரு தொழிற்சங்கத் தலைவர் அந்த மாளிகைக்குப் போனதில் திண்டுக்கல் தோல் தொழிலாளிக்குச் சின்னப் பங்கு உண்டு.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. 1967இல் பாலசுப்பிரமணியத்தை ஜெயிக்கவைத்தது சங்கம் மட்டுமல்ல, அண்ணா கட்டிய கூட்டணியும்தான். அதில் முதலாளிகளின் கட்சி என்று பேரெடுத்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது! அதே சுதந்திராக் கட்சி 1969இல் மூன்றாவது வேட்பாளராக நின்ற தேஷ்முக்கை ஆதரித்தது. சேர்ந்து ஓட்டுக் கேட்டவர்கள் குடியரசுத் தலைவர் என்று வந்ததும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியின் பட்டியலைப் பாருங்கள். 1977, 1980இல் மார்க்சிஸ்ட் என்.வரதராஜன் ஜெயித்தபோது கூட்டணி அ.தி.மு.க.வோடு. 1989இல் எஸ்.ஏ.தங்கராஜன், தி.மு.க.வோடு. பாலபாரதி மூன்று முறை ஜெயித்தார்: 2001இல் அ.தி.மு.க., 2006இல் தி.மு.க., 2011இல் மறுபடி அ.தி.மு.க. கூட்டணி. கட்சி 2016இல் இரண்டு கழகங்களையும் விட்டு நின்றது, தோற்றது. 2021இல் தி.மு.க. கூட்டணியில் இருந்தும் தோற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் கட்சியின் சச்சிதானந்தம் 4 லட்சத்து 43 ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். அத்தனை ஓட்டும் செங்கொடி ஓட்டு என்று அவர் கட்சிக்காரர்களே சொல்ல மாட்டார்கள்.

திண்டுக்கல் தொழிலாளி ரொம்ப காலமாகவே இரண்டு கணக்கு வைத்திருக்கிறார். கூலிக்கும் போனஸுக்கும் ஒரு கொடி, ஓட்டுக்கு வேறொரு சின்னம். 1973 மே 20 திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று 2,60,824 ஓட்டு வாங்கினார், அ.தி.மு.க.வின் முதல் வெற்றி அது. எம்.ஜி.ஆர். ரசிகராக இருந்துகொண்டே சங்கத்துக்கும் சந்தா கட்டியவர் அன்றைக்கு எந்தத் தெருவில் இல்லை? அரசு பஸ் டிப்போக்களில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தி.மு.க. ஆட்சி வந்தால் தொ.மு.ச. பலகை பளபளக்கும், அ.தி.மு.க. வந்தால் அண்ணா தொழிற்சங்கப் பேரவைப் பலகை. நல்ல ரூட்டும் வார விடுப்பும் வேண்டுமே! அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தொழிலாளியின் ஓட்டிலிருந்து எம்.எல்.ஏ.வின் ஓட்டு வரை போகும் சங்கிலி குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கெங்கே முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு 2002 நல்ல உதாரணம். ராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்கு அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் ஆதரவு. இடதுசாரிகள் நிறுத்தியது கேப்டன் லட்சுமி சாகலை. முந்தைய ஆண்டு அ.தி.மு.க. ஓட்டும் சேர்ந்து தேர்ந்தெடுத்த திண்டுக்கல் எம்.எல்.ஏ.வின் கட்சி, கலாமுக்கு எதிரே நின்றது. கலாம் 9,22,884 மதிப்பு ஓட்டுகளோடு ஜெயித்தார், லட்சுமிக்கு 1,07,366. பத்து வருஷம் கழித்து அதே கதை. 2012இல் ஜெயலலிதா சங்மாவை ஆதரித்தார், மார்க்சிஸ்ட் கட்சி பிரணாப் முகர்ஜியை. எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு நிற ஓட்டுச்சீட்டு; சின்னம் கிடையாது, பெயருக்கு நேரே 1, 2 என்று எண் எழுதவேண்டும். கொறடா உத்தரவும் செல்லாது. அந்த எண்ணை எழுதும்போது தொகுதித் தொழிலாளியின் விருப்பம் எவருக்காவது ஞாபகம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சங்கத்தின் பிடிப்பு ஓட்டுப்பெட்டி வரை நேராகப் போன சந்தர்ப்பமும் உண்டு. 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி 39 தொகுதியிலும் தோற்றது. திண்டுக்கல்லில் காங்கிரஸின் என்.எஸ்.வி.சித்தன் ஜெயித்தார். அந்த 39 தொகுதியில் ஜெயித்த எம்.பி.க்களில் பெரும்பாலோர் 2007இல் பிரதிபா பாட்டீலை நிறுத்திய அணியில் இருந்தார்கள். வேலை போன குடும்பம் சின்னம் பார்த்தா ஓட்டுப் போடும்?

நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நம் பக்கத்து நாட்டைப் பார்த்தால் தொழிலாளியின் இரட்டைக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மதுரை, திருச்சி, சேலம் வட்டாரங்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்குப் போகும் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படும். சங்கத் தலைவர் தொண்டமான் காலத்தில் சங்கம் கைகாட்டியவருக்கு ஓட்டு என்று பேசப்பட்டது. 2015இல் சங்கம் மகிந்த ராஜபக்சவுக்குக் கைகாட்டியது. தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டம் எதிர்த்து நின்ற சிறிசேனவுக்கு 63.88 சதவீதம் கொடுத்தது. 2019இல் கோத்தபயவுக்குக் கைகாட்டியது. மாவட்டம் எதிர்த்து நின்ற சஜித்துக்குப் போட்டது. 2024இல் ரணிலுக்கு, அப்போதும் சஜித்தே முந்தினார். அமெரிக்காவில்கூட 2024இல் டீம்ஸ்டர்ஸ் என்ற லாரித் தொழிலாளர் சங்கம் எவரையும் ஆதரிக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. முந்தைய தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியை ஆதரித்து வந்த சங்கம் அது; இம்முறை உறுப்பினர்களின் கருத்துக்கணிப்பு டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

இங்கே திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் குறைந்துவிட்டன, கெட்டுப்போன கிணறுகள் மிச்சம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுச் செய்கிற கைகள் சுருங்கிவிட்டன. இன்றைக்குத் தொழிலாளி என்றால் வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளில் இருக்கிறார். விடுதியில் தங்கி ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளை வாசலில் நின்று பார்க்கவே சங்கக்காரர்களுக்கு வழியில்லாத மில்கள் உண்டு. அவர்களில் பீகார், ஒடிசா இளைஞர்களும் நிறைய.

எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 1971 மக்கள்தொகையில் நிறுத்தப்பட்டிருக்கிறது: தமிழ்நாட்டுக்கு 176, பீகாருக்கு 173, ஒடிசாவுக்கு 149. ஸ்பின்னிங் ஓட்டுகிற அந்த வெளிமாநில இளைஞரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பது அவருடைய சொந்த ஊரில். வாக்குப்பதிவு நாளில் மில்லுக்கு விடுமுறை. அவர் அன்றைக்கு விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருப்பார்.