கீமோ முடிந்து வீடு வந்தாச்சா? தெர்மாமீட்டர் இருக்கானு முதல்ல பாருங்க!

'பம்பாய்', 'முதல்வன்' மனீஷா கொய்ராலாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2012-ல் அவருக்கு சினைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நியூயார்க்கில் சிகிச்சை எடுத்து மீண்டவர், திரும்பவும் நடிக்க வந்தார். 2018-ல் அந்த நாள்களைப் புத்தகமாகவும் எழுதினார்.

அவருக்கு நியூயார்க் என்றால், சிவகிரிப் பெண்களுக்கு மதுரை அல்லது திருநெல்வேலி. பஸ் ஏறிப் போய், மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டால், அடுத்த மூன்று வாரமும் பக்கத்தில் இருப்பது வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் தரப்படுபவை பேக்லிடாக்ஸெல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு மருந்துகள். வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 6 முறை. முடி கொட்டுவதுதான் பலருக்கும் பெரிய கவலை. அது சிகிச்சை முடிந்ததும் வளர்ந்துவிடும். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு!

மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் பொதுவாக வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம்தான். 'ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பார்ப்போம்' என்பது நம் எல்லோர் வீட்டுப் பழக்கம். மாத்திரை காய்ச்சலைக் குறைத்துக் காட்டும், கிருமியைக் கொல்லாது. நடுராத்திரியானாலும் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். 108-ல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால், 'கீமோ நடக்குது, கடைசியா ஏத்துனது இந்தத் தேதி' என்பதை முதலில் சொல்லி, ஃபைலைக் காட்டுங்கள்.

குற்றால சீசன் என்றால் கால் நிற்காதுதான். ஆனால், அருவிக் கூட்டத்தில் இடிபட்டுக் குளிப்பதை சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

குமட்டலுக்குத் தந்த மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்பே, சொன்ன நேரத்தில் போட வேண்டும். நாக்கில் இரும்பு வாடை அடித்தால், பக்கத்து புளியங்குடி எலுமிச்சை கைகொடுக்கும். வாய்ப்புண் இருந்தால் மட்டும் வேண்டாம், எரியும். மோரும், குழைந்த சாதமும் போதும்.

கை, கால் மரத்துப்போனால் வெந்நீரின் சூடு தெரியாது. வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துத் தரட்டும். வெறுங்காலோடு வாசலில் நடக்க வேண்டாம். 'சொன்னால் கீமோவை நிறுத்திடுவாங்களோ' என்று பயந்து இந்த மரத்துப்போவதைச் சிலர் மறைக்கிறார்கள். சட்டை பட்டன் போட முடியவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கவோ, வேறு மருந்து மாற்றவோ டாக்டருக்கு வழி இருக்கிறது.