பழைய டிராக்டர்: ரிப்பேர் பண்ணுவதா, மாற்றுவதா?



மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். நம்ம திருக்கடையூர் பக்கம் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்போது குறுவை நாற்றும் தயாராக நிற்கும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் சேற்றில் நின்றுபோனால் என்ன ஆகும்? நாற்று முற்றினால் தூர் குறையும். நடவு தள்ளிப்போனால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும். ஆகவே இந்த முடிவை வண்டி நின்ற பிறகு எடுக்கக் கூடாது. சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் வண்டி சும்மா கிடக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள். கரும்புகை தள்ளுகிறதா? ஏர் கிளீனரில் தூசி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். கியர் பெட்டி எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா? சேற்றுழவில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். சீலையும் எண்ணெயையும் மாற்றுங்கள். இதற்கெல்லாம் வண்டியை விற்கப் போகாதீர்கள்.

நீலப்புகை, என்ஜின் ஆயில் அடிக்கடி குறைவது, பிரீதர் குழாயில் புகை, காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, இவை எல்லாம் சேர்ந்து வந்தால் ரிங், பிஸ்டன், ஸ்லீவ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டியதுதான். ஒழுங்காகச் செய்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் பிளாக்கிலோ கியர் பெட்டிக் கூட்டிலோ விரிசல் என்றாலும், கிராங்க் ஷாப்டை இனிமேல் கடைய இடமில்லை என்றாலும், உதிரி பாகமே கிடைக்கவில்லை என்றாலும், மேற்கொண்டு போடுகிற பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

அடுத்தது கணக்கு. ஒரு பேச்சுக்கு, ரிப்பேர் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 30,000. சில்லறை வேலைக்கு 15,000. ஆக 45,000. புது வண்டிக்கு 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்றால் முதல் வருஷம் வட்டியே ஏறக்குறைய 60,000 வரும். அசல் தவணை தனி. சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு ரிப்பேரே லாபம்.

ஊருக்கு வாடகைக்கு ஓட்டுகிறவர் கணக்கு வேறே. சீசனில் 5 நாள் வண்டி நின்றால் வாடகையும் போகும், வாடிக்கையும் போகும். அந்த நஷ்டத்தையும் ரிப்பேர் செலவோடு சேர்த்துப் பாருங்கள். அப்போது புது வண்டி கட்டுபடியாகலாம். 2, 3 ஏக்கர்க்காரர் இரண்டுமே வேண்டாமென்று வாடகைக்கு உழலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது. மானியம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. ஆர்.சி. புத்தகம் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எது கெட்டது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் நின்றது என்று எழுதி வாருங்கள். பட்டறைக்காரர் ஒன்று சொல்வார், வண்டி விற்கிறவர் ஒன்று சொல்வார். உங்கள் நோட்டு சொல்வதைக் கேளுங்கள்.